முந்திப் பாடியவள்

காலை எட்டு மணிக்குச் சின்னக் கேட்டைத் திறந்ததும் பாலர் வகுப்பு டீச்சர் வாசற்படியில் வந்து நின்றுகொள்வாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வர வர, புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாள். சூடு இல்லையென்றால் தலையை லேசாகத் தள்ளி உள்ளே விடுவாள். கொஞ்சம் கதகதப்பாகத் தெரிந்தாலும் போச்சு, பெற்றவர்களைத் திருப்பிக் கூப்பிட்டுப் பிள்ளையை அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் மறுவேலை. வெயிலில் நடந்து வந்த சூடு என்று சொன்னால் எடுபடாது. வேலைக்குப் போகிற அவசரத்தில் இருக்கும் அப்பாக்கள் முணுமுணுப்பார்கள். பிள்ளைகளோ பழகிப்போய், படியேறும்போதே முடியை ஒதுக்கி நெற்றியைக் காட்டிக்கொண்டு வருவார்கள். அவளுக்கு 'நெத்தி டீச்சர்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அது அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. பத்தொன்பது வருஷமாகக் கேட்டும் கேட்காத மாதிரிதான் இருக்கிறாள்.

அந்த வருஷம் அவளிடம் இருபத்தாறு பிள்ளைகள். எல்லாம் நாலு, ஐந்து வயது. கொடி நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் பாடம், நம் நாட்டின் அடையாளங்கள். சுவரில் பெரிய படமாக மாட்டியிருந்தது: மேலே கொடி, நடுவில் அரசு முத்திரை, கீழே தேசியப் பறவை, தேசிய மிருகம், பூ, மரம். டீச்சர் ஸ்கேலால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டுவாள். பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவார்கள். கொடியைக் கீழே போடக் கூடாது, மிதிக்கக் கூடாது, பாட்டு கேட்டால் நேராக நிற்க வேண்டும், சொறிந்துகொள்ளக் கூடாது. சொறியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு நாட்டுக்காகச் செய்யும் பெரிய தியாகமாக இருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண் குழந்தை. வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்பதால் ஆயாவிலிருந்து டீச்சர்கள் வரை அவளைக் 'கேள்வி' என்றே கூப்பிட்டார்கள்.

"தேசிய மிருகத்துக்கு, அதுதான் தேசிய மிருகம்னு தெரியுமா டீச்சர்?"

"தெரியாதும்மா."

"யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா?"

"சொல்லப் போனா கடிச்சு வச்சிடும்."

கேள்வி கொஞ்சம் யோசித்தாள். "நாமளும் இந்த நாடுதானே டீச்சர். நம்மளையுமா கடிக்கும்?"

டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். அன்று எட்டு நாற்பதுக்கு, வழக்கம்போல் மைதானத்து ஒலிபெருக்கியில் நாட்டுப் பாட்டான தேசிய கீதம் போட்டு முடிந்து, பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் கேள்வி அதையும் கேட்டாள்.

"டீச்சர், அந்தப் பாட்டுல ஒரு பொண்ணு மட்டும் முன்னாடியே பாடுது. அது யாரு?"

டீச்சர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்தாள், மூடினாள். பத்தொன்பது வருஷத்தில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டதில்லை.

"யாரோ ஒரு பொண்ணு" என்றாள்.

பொய். அது அவளுடைய தங்கை.

நாட்டுப் பாட்டில் மூன்றாவது அடி முடிந்ததும் இரண்டு தட்டு அளவுக்கு ஓர் இடைவெளி. பிறகு எல்லோரும் சேர்ந்து 'எழுவோம்' என்று எடுக்க வேண்டும். ஆனால் நாற்பத்தொரு வருஷமாக எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஒலிக்கும் அந்த ஒலிப்பதிவில், அந்த இடைவெளிக்குள் ஒரு சின்னக் குரல் தனியாக 'எழு' என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். அதைக் கேட்டுப் படித்த பிள்ளைகள் அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டார்கள். வளர்ந்த பிறகும் மாறவில்லை. டிவியில் பந்தயம் தொடங்கும் முன் மைதானம் நிறைந்த ஜனங்கள் எழுந்து நின்று பாடுவார்கள். தாடி வைத்த ஆண்கள், பல் போன கிழவர்கள், போலீஸ்காரர்கள், எல்லோரும் அந்த இடம் வந்ததும் 'எழு… எழுவோம்' என்பார்கள். டீச்சர் எழுந்து போய்ச் சேனலை மாற்றிவிடுவாள். ஏழு வயதில் செத்துப்போன தன் தங்கை செய்த பிழையை ஒரு நாடே பாடிக்கொண்டிருக்கிறது என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

வீட்டில் தங்கையைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். டீச்சருக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடங்களில் தினமும் போடுவதற்காகப் பிள்ளைகள் குரலில் நாட்டுப் பாட்டைப் பதிவு செய்ய வானொலி நிலையத்தார் முடிவு செய்தார்கள். பாட்டு சார் இருபத்துநாலு பிள்ளைகளைப் பொறுக்கினார். அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. வெள்ளைச் சட்டை புதிதாகத் தைத்தார்கள். பதிவு நாளன்று காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சிட்டு அக்காவின் தோளில் சாய்ந்தாள். கழுத்து கொதித்தது. அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுதுடி உனக்கு."

"அம்மாகிட்ட சொல்லாதேக்கா. சொன்னா இறக்கி விட்டுடுவாங்க. அப்புறம் நீயும் போக முடியாது."

அம்மா ஜன்னலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா சொல்லவில்லை. கையசைத்தாள். பஸ் புறப்பட்டது.

பதிவு செய்யும் அறையில் மின்விசிறி சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவிட்டார்கள். சிட்டு குள்ளம் என்பதால் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் நிறுத்தினார்கள். இரண்டு தடவை பாடினார்கள், சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை எல்லாம் சரி, ஆனால் அந்த ஒரு இடத்தில் சிட்டு முந்திவிட்டாள். பதிவு செய்பவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "அந்தக் குட்டிப் பொண்ணு ஒரு இடத்துல முந்திடுச்சு சார்" என்றார். பாட்டு சார் கடிகாரத்தைப் பார்த்தார். செய்தி வாசிக்கிறவர் வெளியே காத்திருந்தார். "குழந்தைங்கதானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அவ்வளவுதான், இருந்துவிட்டது.

மூன்றாம் நாள் சிட்டு ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டதும், 'நேத்து சாயங்காலம்' என்று அம்மா சொன்னதும், 'ஒரு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்' என்று டாக்டர் சொன்னதும், கதவோரம் நின்றிருந்த அக்காவின் காதில் விழுந்தன. அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்று அந்த ஒன்பது வயதில் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் புது ஒலிப்பதிவு போட்டார்கள். எல்லோரும் நேராக நின்றார்கள். மூன்றாவது அடி முடிந்தது. சிட்டு 'எழு' என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு ஐம்பது வயதாகி, முடி நரைத்து, கல்யாணமாகி, பிள்ளை படிக்க வெளியூர் போயாகிவிட்டது. சிட்டுக்கு மட்டும் இன்னும் ஏழு வயது, இன்னும் காய்ச்சல். வேறு ஏதாவது வேலை தேடிக்கொண்டு போயிருக்கலாம். பாட்டு கேட்காத எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அவள்தான் போகவில்லை. அதைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் ஒரு நாள் விடியவும் மனசு ஒப்பவில்லை.

கேள்வி அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள் தலைமையாசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு சுற்றறிக்கை, பக்கத்தில் ஒரு பென் டிரைவ்.

"உட்காருங்க டீச்சர். நம்ம விக்கலுக்கு மருந்து வந்தாச்சு."

"என்ன விக்கல் மேடம்?"

"அதான், 'எழு… எழு'ன்னு பிள்ளைங்க விக்கிறாங்களே. நாப்பது வருஷமா நாடே விக்கிட்டு இருந்திருக்கு, இப்பதான் மேல யாரோ கவனிச்சிருக்காங்க. பழைய பதிவைத் தூக்கிட்டாங்க. இது புதுசு. கொடி நாளுக்கு இதைத்தான் போடணுமாம். கல்வி அதிகாரி நேர்ல வர்றார்." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உங்க பிள்ளைங்கதான் முன்வரிசை. பன்னெண்டு நாள் இருக்கு. சின்னதுங்க, சீக்கிரம் மாத்திடலாம். நீங்கதான் இதுல கெட்டிக்காரங்க."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு என்ன சொல்வது?

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. கொடிக்கு வண்ணம் தீட்டச் சொன்னாள், பூவை ஒட்டச் சொன்னாள், மரத்துக்கு இலை வரையச் சொன்னாள். மூன்றாம் நாள் தலைமையாசிரியை வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அதன் பிறகு தட்டிக்கழிக்க வழியில்லை.

"கண்ணுங்களா, இனிமே அந்த இடத்துல 'எழு'ன்னு முன்னாடியே பாடக் கூடாது. மூணாவது வரி முடிஞ்சதும் வாயை மூடிக்கணும். மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு எண்ணணும். அப்புறம்தான் எழுவோம்."

"ஏன் டீச்சர்?" கேள்விதான்.

"அது தப்பு."

இத்தனை வருஷத்தில் அதைத் தப்பு என்று அவள் ஒரு தரம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு தப்பாவா பாடுது?"

"ஆமா."

"அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா? பாவம். அவங்க டீச்சர் திட்டினாங்களா?"

"இல்ல. யாரும் திட்டல. நீ வரிசையில நில்லு."

பிள்ளைகளுக்கு அது சுலபத்தில் வரவில்லை. சிலர் மனசுக்குள் எண்ணுவதற்குப் பதில் உரக்க 'ஒண்ணு, ரெண்டு' என்று பாடினார்கள். ஒருவன் வாயை மூடிய வேகத்தில் மூச்சையும் அடக்கிக்கொண்டு முகம் சிவந்து நின்றான். ஆனாலும் தினமும் நாலு தரம், ஐந்து தரம் என்று பாட வைத்ததில் நாலைந்து நாளில் படிய ஆரம்பித்தது. ஒரு நாள் காலை, கதவைச் சாத்திக்கொண்டு, ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் அவர்களை மட்டும் பாட விட்டாள். மூன்றாவது அடி முடிந்தது. இருபத்தாறு வாயும் ஒன்றாக மூடின. வகுப்பில் சின்னச் சத்தம்கூட இல்லை. அந்த வெற்றிடத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுக்கிற மாதிரி இருந்தது.

"எழு" என்றது ஒரு குரல்.

பிள்ளைகள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பிறகு ஒரே சிரிப்பு. "டீச்சர் தப்பு, டீச்சர் தப்பு" என்று கை தட்டினார்கள். தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் சிரித்தாள். பெரிய மணி அடிக்கும் வரை மறுபடி பாட வைக்கவில்லை.

கொடி நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது அது நடந்தது. அன்று கேள்வி முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள். வாசலில் இருக்கும் குழாயில் கழுவினேன் என்றாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. டீச்சர் உள்ளே விட்டாள். பாட்டுப் பயிற்சியில், எண்ணிக்கை தவறாமல் இருக்க எல்லோரையும் கை கோத்து நிற்கச் சொல்லி, முன்வரிசை ஓரத்தில் நின்ற கேள்வியின் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் விட்டுவிட்டாள். தணலைத் தொட்ட மாதிரி இருந்தது.

மண்டியிட்டுக் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

கேள்வி அவள் காதுக்கு அருகில் வந்து ரகசியமாகச் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர். அப்புறம் என்னை முன்வரிசையில விட மாட்டீங்க."

டீச்சர் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் அப்படியே உட்கார்ந்தாள். ஆயா ஓடிவந்து, "என்னம்மா, தலை சுத்துதா?" என்றாள். "எனக்கு ஒண்ணுமில்ல. இவ அம்மாவுக்கு உடனே போன் போடச் சொல்லு. இப்பவே" என்றாள் டீச்சர். கேள்வி அழுதாள். மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாலும் உதைத்தாள். "நீங்க கெட்ட டீச்சர்" என்றாள். டீச்சர் அந்த உதைகளை வாங்கிக்கொண்டு ஈரத்துணியை நெற்றியில் வைத்துப் பிடித்திருந்தாள்.

கேள்வியின் அம்மா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கடையின் நீல மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலையில கொஞ்சம் சுட்டுச்சு டீச்சர். மாத்திரை குடுத்துட்டுத்தான் அனுப்பினேன். நாளெல்லாம் முன்வரிசை, முன்வரிசைன்னு குதிச்சுக்கிட்டு இருந்தா. வேண்டாம்னு சொல்ல மனசு வரல. தப்புதான்."

வழக்கமாக இந்த இடத்தில் நெத்தி டீச்சர் பிடி பிடியென்று பிடித்துக்கொள்வாள்.

"எப்ப பார்த்தீங்க நீங்க?" என்று மட்டும்தான் அன்று கேட்டாள்.

"தலை பின்னும்போது. பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா டீச்சர்?"

அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போன பிறகும் டீச்சர் கேட்டருகே நின்றுகொண்டிருந்தாள். பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா. சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற பேச்சு. அன்று பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்மா, சிட்டுவின் ரிப்பனைக் கையை நீட்டிச் சரிசெய்த அம்மா, அவள் கண்முன் வந்தாள். இரட்டைச் சடை. இறுக்கிப் பின்னிய சடை. அதைப் பின்ன எவ்வளவு நேரமாகியிருக்கும்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தைந்து வயது. அப்பா போன பிறகு மகளோடுதான் இருக்கிறாள். மருமகன் வெளியூர் வேலை என்பதால் வீட்டில் பெரும்பாலும் இவர்கள் இரண்டு பேர்தான். டீச்சர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"அம்மா, சிட்டுக்குக் காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?"

அந்தப் பெயர் அந்த வீட்டில் பேசப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அம்மாவின் கை துண்டின் மேல் நின்றது.

"இப்ப எதுக்கு அது?"

"நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பஸ்ல ஏறும்போதே அவளுக்குக் கொதிச்சுது. நான் தொட்டுப் பார்த்தேன். நீ ஜன்னல்கிட்டதான் நின்னே. உன்கிட்ட நான் சொல்லல. அவ சொல்லாதேன்னா. அது மட்டும் இல்லம்மா, எனக்கும் போகணும்னு ஆசையா இருந்துது."

நாற்பத்தொரு வருஷமாகத் தொண்டையில் இருந்தது இவ்வளவுதான். ஐந்தாறு வாக்கியம். அம்மா துண்டை மடித்து முடித்தாள். பிறகு அதையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"பஸ்ல ஏறும்போதா?" என்றாள் கடைசியில். "எனக்கு அஞ்சு மணிக்கே தெரியும்."

டீச்சர் பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"தலை பின்ன உக்காந்தா. கழுத்து சுட்டுது. போக வேண்டாம்டின்னேன். ஒரே அழுகை. சட்டை வேற ஆணில தொங்குது. அரை மாத்திரையைப் பொடி பண்ணிப் பால்ல கலந்து குடுத்தேன். கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருந்துது. ஒரு மணி நேரம் பாடிட்டு வரப் போறா, வந்ததும் படுக்க வச்சுக்கலாம்னு நெனச்சேன்." அம்மா தரையைப் பார்த்துப் பேசினாள். "உன்கிட்ட சொல்லி, பாத்துக்கோடின்னு அனுப்பலாம்னுதான் வாயெடுத்தேன். அவ விடல. 'அக்காகிட்ட சொல்லாதேம்மா, அவ பாட்டு சார்கிட்ட சொல்லிடுவா'ன்னா."

"என்கிட்ட, அம்மாகிட்ட சொல்லாதேன்னா."

"அப்படியா சொன்னா?"

"ஆமா."

அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேரையும் தனித்தனியா கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கா போக்கிரி" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது வேறு ஏதோவாகி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "டாக்டர் கேட்டப்ப நேத்துன்னு சொன்னியே" என்றாள்.

"பயம். உங்கப்பா பக்கத்துல நின்னார். தெரிஞ்சுக்கிட்டேதான் அனுப்பினேன்னு எந்த வாயால சொல்றது? நீ கதவோரம் நின்னுக்கிட்டு இருந்தே. இது ஒண்ணும் அறியாத பிள்ளை, நாம இதுகிட்ட மூஞ்சி குடுத்துப் பேச லாயக்கில்லன்னு தோணிச்சு."

அதுதான் காரணமா? அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டதில்லை, தலையைத் தடவியதில்லை. அம்மா எப்படியோ ஊகித்துவிட்டாள், அது தன்மேல் இருக்கும் கோபம் என்றே டீச்சர் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவள் லீவு போட்டு வீட்டில் இருக்கும் நாட்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறாள். அடுத்த தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து எட்டு நாற்பதுக்குப் பாட்டு கேட்டதும் அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். அந்தப் பாட்டு காதில் விழக் கூடாதென்றுதான் அப்படிச் செய்கிறாள் என்று எண்ணியிருந்தாள். அதையும் கேட்டாள்.

"கேக்கக் கூடாதுன்னு இல்லடி. நான் அழறது உங்கப்பாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. அவர் போயும் பழக்கம் விடல. அந்தச் சின்ன ஜன்னல் வழியா நல்லாவே கேக்கும்." அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ குரல் ஒரு இடத்துலதானே. மத்த நேரமெல்லாம் நான் உன் குரலைத்தான் தேடுவேன். ஒரு நாள்கூடக் கெடைக்கல. நீ ஒழுங்கா பாடியிருக்கே போல."

மனசு லேசாகிவிட்டது என்று சொன்னால் பொய். அடுத்த நாள் காலையில் டீச்சருக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அம்மா சொல்லியிருந்தால் இந்த ஜன்மம் வேறு மாதிரி போயிருக்குமே. அம்மாவும் அதையே நினைத்திருக்க வேண்டும். இரண்டு நாள் இரண்டு பேரும் 'டீ ஆறுது', 'கதவைச் சாத்து' என்பதைத் தாண்டிப் பேசிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இப்போது சரியாகப் பாடினார்கள். கேள்விக்கு வெறும் சளிக்காய்ச்சல்தான். மூன்றாம் நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். டீச்சர் ஒன்றுக்கு மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள். கெட்ட டீச்சர் என்று சொன்னது கேள்விக்கு மறந்தே போயிருந்தது.

கொடி நாளன்று காலை டீச்சர் புறப்படும்போது, அம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வரேன்."

"வெயில்ல ரொம்ப நேரம் நிக்கணும்மா."

"நின்னா நின்னுட்டுப் போறேன்."

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பெற்றோர்கள் வேலி ஓரம் நின்றார்கள். அம்மாவும் அவர்களோடு போய் நின்றுகொண்டாள். கல்வி அதிகாரி கயிற்றை இழுத்தார், கொடி ஒரு தரம் சுருண்டு, பிறகு விரிந்தது. புது ஒலிப்பதிவு ஆரம்பித்தது. எக்காளம், முரசு, பயிற்சி பெற்ற நூறு குரல். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது அடி முடிந்ததும் இடைவெளியே தெரியாமல் முரசு வந்து நிரப்பியது. 'எழுவோம்' என்றார்கள் எல்லோரும், ஒரே நேரத்தில். முன்வரிசையும் பிசகவில்லை. தலைமையாசிரியை அவள் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறதென்று காலை வைத்து, அங்கே தரை வந்துவிட்டால் எப்படி இருக்கும், டீச்சருக்கு அப்படி இருந்தது. விழவில்லை. நின்றாள். வேலியோரம் அம்மாவைத் தேடினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பி, நாற்காலிகளை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பப் பதினோரு மணி ஆனது. இரண்டு பேரும் நடந்தார்கள். அம்மா மெதுவாக நடப்பவள் என்பதால் டீச்சர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இரும்புக் கடையைத் தாண்டினார்கள்.

"அவ ஏன் முந்திப் பாடினான்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

"அவசரம்தான். அவளுக்கு எல்லாத்துலயும் அவசரம்."

"அப்படி இல்ல. அன்னைக்கு சாயங்காலம் படுத்துக்கிட்டே என்கிட்ட சொன்னா. அந்த ரூம்ல சுவரெல்லாம் தடித் துணி போட்டு மூடியிருந்தாங்களாமே."

ஆமாம், பழுப்பு நிறத் துணி. நாற்பத்தொரு வருஷமாக அந்த அறையை நினைத்திருக்கிறாள், அந்தத் துணி மட்டும் ஏனோ நினைவுக்கே வரவில்லை. அந்த அறையில் பேசினால் குரல் வாய்க்கு வெளியே வந்ததும் விழுந்து செத்துப்போகும்.

"அங்க பாடினா அவ குரல் அவளுக்கே கேக்கலையாம். எல்லாரும் பாடுறாங்க, நான் பாடுறனா இல்லையான்னே தெரியலம்மான்னா. அதான், எல்லாரும் நிறுத்தின நேரமாப் பாத்துத் தனியா ஒரு தரம் சொல்லிப் பாத்தாளாம்."

டீச்சர் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

"அப்புறம்?" என்றாள். "அவளுக்குக் கேட்டுச்சாமா?"

"கேட்டுச்சாம்" என்றாள் அம்மா. "அதுலதான் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். காய்ச்சலோட அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தா."